அத்தியாயம் 6: வளரும் பிள்ளைக்குத் தைத்த சட்டை

மே மாதக் கடைசியில் பாளையங்கோட்டைத் துணிக்கடைகளில் அம்மாமார் எல்லாரும் ஒரே பேச்சைத்தான் பேசுவோம். "வளர்ற பிள்ள. ஒரு சைஸ் பெருசாவே குடுங்க." தையல்காரரிடம் போனால் அடுத்த பேச்சு. "காலுல ரெண்டு இஞ்சு உள்ள மடிச்சுத் தச்சிருங்கண்ணே. அடுத்த வருசம் பிரிச்சு வுட்டுக்கிடலாம்."

இதே வேலையைச் செய்த ஒரு தாய் வேதாகமத்தில் இருக்கிறாள். சாமுவேலின் அம்மா அன்னாள். பால் மறந்த பிள்ளையைச் சீலோவில் ஆலய ஊழியத்துக்கு விட்டுவிட்டு வந்தவள். வருடத்துக்கு ஒருமுறை பலி செலுத்தப் போகும்போதெல்லாம் அவனுக்கு ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோனாள் என்று 1 சாமுவேல் 2:19 சொல்கிறது. பல வருடம் இந்த வசனத்தைக் கவனிக்காமலே கடந்திருக்கிறேன். மூன்று பையன்களுக்கு யூனிஃபார்ம் எடுக்கும் வயது வந்த பிறகுதான் அதில் நின்றேன். பிள்ளை பக்கத்தில் இல்லை, அளவெடுக்க முடியாது. போன வருடம் எவ்வளவு உயரம் இருந்தான், இந்த வருடம் எவ்வளவு கூடியிருப்பான் என்று மனதிலேயே கணக்குப் போட்டு அவள் தைத்திருக்க வேண்டும்.

இந்த அத்தியாயம் சொல்ல வருவது இதைத்தான். பிள்ளைகளின் விசுவாசத்தை ஒரே தடவையில் தைத்து முடிக்க முடியாது. நாலு வயதுக்குத் தைத்தது ஏழு வயதில் இறுக்கும், ஏழு வயதுக்குத் தைத்தது பத்தில் கிழியும். ஒவ்வொரு வருடமும் பிள்ளையைப் பார்த்துப் புதிதாக அளவெடுக்க வேண்டும். கொஞ்சம் தாராளமாகத் தைத்து, மடிப்பை உள்ளே விட்டு வைக்க வேண்டும்.

என் வீட்டில் பெரியவனுக்குப் பத்து வயது, நடுவனுக்கு ஏழு, சின்னவனுக்கு நாலு. கூடவே என் மாமியார், பிள்ளைகளுக்கு ஆச்சி. இந்த வீட்டில் செய்து பார்த்துத் தவறியவை, திருத்தியவை, நிலைத்தவை ஆகியவற்றையே கீழே எழுதுகிறேன்.

குடும்ப ஜெபம்: பன்னிரண்டு நிமிடம் போதும்

நான் வளர்ந்த வீட்டில் இரவு ஜெபம் முக்கால் மணி நேரம் நடக்கும். அதே அளவை என் பையன்களுக்கும் போட்டுப் பார்த்தேன். சின்னவன் தூங்கிப்போவான், நடுவன் பாயின் கோரையைப் பிய்ப்பான், பெரியவன் கடிகாரத்தையே பார்ப்பான். நான் ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறந்து முறைப்பேன். ஒருநாள் ஆமென் சொன்னவுடன் மூவரும் விடுதலை கிடைத்ததுபோல் எழுந்து ஓடியதைப் பார்த்தபோது, நான் ஜெபத்துக்கு அல்ல, ஜெபம் முடிவதற்கு அவர்களைப் பழக்குகிறேன் என்று புரிந்தது.

இப்போது எங்கள் அளவு இது: பாட்டு மூன்று நிமிடம், வாசிப்பு நாலு, பேச்சு மூன்று, ஜெபம் இரண்டு. சாப்பாட்டுக்கு முன்னால் வைக்கிறோம். வயிறு நிறைந்தால் கண் சொருகும்.

வாசிப்புக்கு மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். நாலு சுவிசேஷங்களில் அதுதான் சிறியது, 16 அதிகாரம். ஒவ்வொரு பக்கத்திலும் ஏதாவது நடக்கும். நாளுக்குப் பத்து வசனம் வைத்தால் ஏறக்குறைய பத்து வாரத்தில் முடியும். டிசம்பர் வந்தால் லூக்காவுக்கு மாறுங்கள். அதில் 24 அதிகாரம். முதல் தேதியிலிருந்து நாளுக்கு ஓர் அதிகாரம் என்று போனால் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு முடியும். நீளமான அதிகாரத்தில் ஒரு சம்பவத்தை மட்டும் வாசித்தால் போதும்.

பையன்களுக்கு உடம்பு சும்மா இருக்காது. அதைக் குற்றமாகப் பார்க்காமல் வேலை கொடுங்கள். மாற்கு 4ஆம் அதிகாரத்தில் புயல் வருகிறது. எங்கள் வீட்டில் பாய்தான் படகு, பெரியவன் துடுப்புப் போடுவான், சின்னவன் காற்று. படகின் பின்புறத்தில் இயேசு தலையணை வைத்துத் தூங்கினார் என்று 38ஆம் வசனத்தில் இருக்கிறது. தலையணையை எடுத்துக்கொண்டு வந்து படுத்தது நடுவன். எழுந்து "அமைதியா இரு" என்று அவன் அதட்டியபோது சின்னவன் உண்மையிலேயே ஊதுவதை நிறுத்திவிட்டான். அந்தக் கதையை இனி அவர்கள் மறக்கமாட்டார்கள்.

நம் வேதாகமத்தின் தமிழ் பழையது. நுகம், மரக்கால், துருத்தி போன்ற சொற்களுக்குப் பையன்கள் விழிப்பார்கள். ஒரு நோட்டில் வாரம் இரண்டு சொல் எழுதி, முடிந்தால் பொருளையே காட்டுங்கள். மரக்கால் எங்கள் வீட்டு மச்சிலேயே இருந்தது. வாசிக்கச் சுணங்கும் பெரியவனுக்கு நான் சீகன்பால்கு கதையைச் சொன்னேன். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கிய அந்த ஜெர்மானியர், பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதித் தமிழ் படித்தவர். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது. "பெரிய ஆளு, சின்னப் பிள்ளைககூட ஒக்காந்து படிச்சாராம்மா?" என்று கேட்டான். அன்றிலிருந்து தடுமாறினாலும் வாசிக்கிறான்.

மனப்பாடத்துக்கு 23ஆம் சங்கீதம் நல்ல அளவு. ஆறு வசனம், வாரத்துக்கு ஒன்று, ஆறு வாரம். பரிசுக்காக மட்டும் மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். இருட்டில் மாடிப்படி ஏறும்போது, ஊசி போடப் போகும்போது, நீங்கள் தொடங்கி அவர்களை முடிக்க விடுங்கள். எந்த நேரத்துக்கு அந்த வசனம் என்று அவர்களுக்கே பிடிபடும்.

பயமுறுத்த ஆண்டவரைக் கூப்பிடாதீர்கள்

"சாமி கண்ணக் குத்தும்" என்பது நம் ஊரில் எல்லா வீட்டிலும் உள்ள பேச்சு. நம் வீடுகளில் பெயரை மட்டும் மாற்றிக்கொள்கிறோம். ஒருநாள் சாயங்காலம் சின்னவன் அண்ணன் முகத்தில் துப்பிவிட்டான். அடுப்பில் குழம்பு, வாசலில் பால்காரர். "இப்படிச் செஞ்சா இயேசப்பா கண்ணக் குத்திருவாரு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

அன்று இரவு ஜெபத்தில் அவன் கண்ணை மூடவில்லை.

"கண்ண மூடு ராசா."

"மூட மாட்டேன்மா. மூடுனா அவரு வாரது தெரியாதுல்லா."

எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. தலையணையில் படுத்துப் புயலை அடக்கியவரிடமிருந்து தன் கண்ணைக் காப்பாற்றிக்கொள்ளப் பிள்ளை விழித்திருக்கிறான். அவனை மடியில் வைத்துக்கொண்டு, "அம்மா சொன்னது பொய்யி ராசா. அவரு அப்படிச் செய்ய மாட்டாரு. அம்மா கோவத்துல தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். அதற்குப் பின் இரண்டு வாரம், இயேசு கண்ணைத் திறந்த கதைகளாகவே வாசித்தோம்: பெத்சாயிதாவில் ஒருவர், எரிகோ வழியில் பர்திமேயு, யோவான் 9ஆம் அதிகாரத்தில் பிறவியிலேயே பார்வையில்லாதவர். மூன்றாம் நாள்தான் சின்னவன் கண்ணை மூடினான்.

கண்டிப்பு வேண்டும். ஆனால் கண்டிப்பை நம் பெயரில் செய்வோம், ஆண்டவர் பெயரில் வேண்டாம். துப்பியவன் ஈரத்துணியால் அண்ணன் முகத்தைத் தானே துடைத்துவிட வேண்டும். செய்த தப்புக்கு நேராக இருக்கும் சிறிய தண்டனை பிள்ளைக்குப் புரிகிறது.

அண்ணன் தம்பி சண்டைக்கு நாங்கள் வைத்திருக்கும் முறை:

1. முதலில் பிரித்து, ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர். கோபம் இறங்கும்வரை விசாரணை கிடையாது.
2. பிறகு ஒவ்வொருவனும் தான் என்ன செய்தான் என்று மட்டும் சொல்ல வேண்டும். "அவன்" என்று தொடங்கினால் மறுபடி முதலிலிருந்து.
3. உடைத்ததை ஒட்ட வேண்டும், பறித்ததைத் திருப்பித் தர வேண்டும்.
4. மன்னிப்பு கடைசியில். வாயிலிருந்து பிடுங்காதீர்கள். அன்று வராவிட்டால் தூங்குமுன் ஒருமுறை நினைவுபடுத்துங்கள்.

மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் பேதுருவுக்கு இயேசு சொன்ன எழுபது ஏழு கணக்கை நடுவன் பெருக்கிப் பார்த்துவிட்டான். "நானூத்தித் தொண்ணூறும்மா. அண்ணனுக்குப் பாதி ஏற்கெனவே முடிஞ்சிருச்சி." அடுத்த பகுதியையும் சேர்த்து வாசித்தோம். பெரிய கடன் மன்னிக்கப்பட்ட வேலைக்காரன், தனக்குச் சின்னக் கடன் பட்டவனைக் கழுத்தைப் பிடித்த கதை. "எண்ணிக்கிட்டே இருந்தா மன்னிக்கலன்னு அர்த்தமாம்மா?" என்று அவனே கேட்டான்.

நீங்களும் பிள்ளையிடம் மன்னிப்புக் கேளுங்கள். அதனால் மரியாதை குறையாது. மன்னிப்பு என்ற சொல் எப்படி இருக்கும் என்று பையன்கள் முதலில் பார்ப்பது நம் முகத்தில்தான்.

அடுப்படியும் ஆண்பிள்ளையும்

பெரியவனைத் தோசைக் கல்லுக்கு முன்னால் நிறுத்திய முதல் நாள் ஆச்சிக்கு மனசு கேட்கவில்லை. "ஏட்டி, ஆம்பளப் பிள்ளைய ஏன் அடுப்படியில நிறுத்துத?"

"அத்தை, உயிர்த்தெழுந்த ஆண்டவரே சீஷர்களுக்குக் காலச் சாப்பாடு செஞ்சு வச்சாருல்லா" என்றேன். ஆச்சிக்கு வேதம் நன்றாகத் தெரியும். யோவான் 21ஆம் அதிகாரத்தில், இரவெல்லாம் வலை வீசி ஒன்றும் கிடைக்காமல் வந்தவர்களுக்குத் திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்புப் போட்டு, மீன் சுட்டு, அப்பத்தோடு கொடுத்தார். ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எண்ணெயக் கொஞ்சம் சுத்தி வுடுல, ஓரம் முறுகட்டும்" என்று பேரனுக்குச் சொல்லிக் கொடுக்க வந்துவிட்டார்.

சேவை என்ற சொல்லைப் பிரசங்கத்தில் கேட்கும் பையன்களுக்கு அதன் ருசி கையில் தெரிய வேண்டும். வயதுக்கு ஏற்ற அளவு:

நாலு வயது: தட்டும் டம்ளரும் எடுத்து வைப்பது, வாசலில் எல்லார் செருப்பையும் அடுக்குவது, கைப்பிடி அரிசி அள்ளுவது.

ஏழு வயது: மல்லித்தழை ஆய்வது, தண்ணீர் பாட்டில் நிரப்புவது, காய்ந்த துணி மடிப்பது.

பத்து வயது: பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கத் தோசை சுடுவது, தன் சட்டைக் காலரைத் தேய்த்துத் துவைப்பது, ஆச்சி கண்ணாடி போட்டுச் சரிபார்க்க மாத்திரையை எடுத்துக் கொடுப்பது.

ஞாயிறு, சனிக்கிழமையே தொடங்குகிறது

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நம் வீடுகளில் நடக்கும் கூச்சலை நான் விவரிக்க வேண்டியதில்லை. முதல் மணி அடித்தாயிற்று, ஒரு சாக்ஸைக் காணோம். பிள்ளைகளைத் திட்டிக்கொண்டே ஆலயத்துக்குள் நுழைந்து, முகத்தை மாற்றி "ஸ்தோத்திரம்" சொல்லும்போது பிள்ளைகள் நம்மைப் பார்க்கிறார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். சட்டை தேய்த்து மாட்டியாயிற்றா, ஓய்வுநாள் பள்ளி வசனம் பார்த்தாயிற்றா, காணிக்கை எடுத்து வைத்தாயிற்றா? பை வரிசையில் நெருங்கும்போது அவசரமாக நாம் கையில் திணிக்கும் நோட்டு, பிள்ளையின் காணிக்கை ஆகாது. தாத்தாவோ மாமாவோ கொடுத்த காசிலிருந்து அவனே எடுத்த பத்து ரூபாய்தான் அவன் கொடுப்பது.

அது எங்கே போகிறது என்றும் சொல்லுங்கள். 1903இல் இதே பாளையங்கோட்டையில் நம் ஊர்க்காரர்கள் கூடி இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல், தங்கள் கையிலிருந்து எடுத்து, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்கள். அதற்கு முன்நின்ற அசரியா, திருச்செந்தூர்ப் பக்கம் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். அந்த ஊழியத்துக்காக, அரிசி களையும் முன் சின்னவன் ஒரு பிடி அள்ளித் தனி டப்பாவில் போடுகிறான். அவன் கைப்பிடி சின்னது. போன வருடத்தைவிட இந்த வருடம் டப்பா சீக்கிரம் நிறைகிறது.

ஆலயத்தில் பையன்களோடு கடைசிப் பெஞ்சில் உட்காராதீர்கள். முன்னால் இருப்பவர்களின் முதுகு மட்டும் தெரிந்தால் எந்தப் பிள்ளையும் நெளியும். நடுவிலாவது உட்கார்ந்து, "இப்ப ஐயரு அப்பத்த எடுப்பாரு, பாரு" என்று காதில் சொல்லிக்கொண்டே இருங்கள். நாலு வயதுக்காரனை வேப்பமரத்தடிக்கு ஒருமுறை கூட்டிப்போய்த் திரும்பி வரலாம். திரும்பி வருவது முக்கியம்.

பெரியவனின் கேள்விகள்

பத்து வயதில் கேள்விகள் மாறும். அவற்றை அவிசுவாசம் என்று எண்ணிப் பயப்படாதீர்கள். சட்டை தோளில் இறுக்குகிறது என்று அவன் சொல்கிறான்.

"நாம ஏம்மா கிறிஸ்டியன்?" என்று கேட்டான். மறுநாள் மூவரையும் குளோரிந்தா ஆலயத்துக்கு நடத்திக் கூட்டிப்போனேன். மராட்டியப் பிராமண விதவையான குளோரிந்தா 1778இல் மிஷனெரி ஸ்வார்ட்ஸ் கையில் ஞானஸ்நானம் பெற்றவர். 1780இல் எழுதிய சபைப் பதிவேட்டில் அவரோடு சேர்த்து நாற்பது பேர். 1785இல் அவர் முயற்சியால் அந்தச் சிறிய ஆலயம் எழும்பியது. "எங்க கிளாஸ்ல கூட நாப்பது பேரும்மா" என்றான் பெரியவன். நம் தாத்தாவின் தாத்தாவரை வந்த கதையையும் திரும்பும் வழியில் சொன்னேன். தான் யாருடைய தொடர்ச்சி என்று தெரிந்த பிள்ளைக்கு நிற்க ஒரு தரை கிடைக்கிறது.

பக்கத்து வீட்டுத் தீபாவளிப் பலகாரம் பற்றியும் கேட்பான். வீட்டுக்கு வீடு இதில் வழக்கம் வேறு. கணவன் மனைவி முதலில் பேசி ஒரே பதிலுக்கு வாருங்கள். எங்கள் வீட்டில் அன்போடு வரும் முறுக்கை அன்போடு வாங்குகிறோம், கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுபோகிறோம். ஒன்றை மட்டும் கண்டிப்பாக வைத்திருக்கிறோம்: அடுத்தவர் கும்பிடுவதைப் பையன்கள் கேலி பேசக்கூடாது.

கடினமான கேள்வி தாத்தா போனபோது வந்தது. மூவரும் நாற்பது நாளுக்குமேல் அவருக்காக ஜெபித்தார்கள். அடக்கம் முடிந்த இரவு பெரியவன், "எல்லாரும் ஜெபிச்சோம்லாம்மா. ஏன் பொழைக்கல?" என்றான். கூடியிருந்த சொந்தக்காரர் ஒருவர், "ஆம்பளப் பிள்ள அழக்கூடாது. தாத்தா பரலோகத்துல சந்தோசமா இருக்காரு" என்றார். அது உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் அந்த உண்மை அவன் வாயை மூடியது.

அவனை மாடிக்குக் கூட்டிப்போனேன். "எனக்கும் தெரியலய்யா" என்றேன். பிறகு லாசருவின் கல்லறையைச் சொன்னேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் இயேசு அங்கே அழுதார். "அவரே அழுதாரு. நீ அழு" என்றேன். அதற்குப் பிறகுதான் அழுதான். நானும் அழுதேன். பதில் தெரியாத இடத்தில் பதிலை உண்டாக்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள்.

அம்மாவின் ஜெபம்

நம் ஜெபத்துக்குத் தனி அறையும் தனி மணியும் கிடைக்காத வருடங்கள் இவை. பாத்திரம் துலக்கும்போது மூன்று பெயரையும் சொல்லுங்கள், போதும். ஆனால் என்ன கேட்கிறோம் என்று அவ்வப்போது கவனியுங்கள். செபெதேயுவின் மனைவி இயேசுவிடம் வந்து, தன் இரண்டு பையன்களுக்கும் வலது பக்கமும் இடது பக்கமும் இடம் கேட்டாள் (மத்தேயு 20). மார்க், ரேங்க், நல்ல பள்ளியில் இடம் என்று நான் கேட்பதும் அதுதான். இயேசு அவளைத் துரத்தவில்லை. அதே தாய் சிலுவையைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு நின்றவர்களில் இருக்கிறாள் (மத்தேயு 27:56). இடம் கேட்டவள், எல்லாரும் ஓடிய இடத்தில் நிற்கக் கற்றிருந்தாள். பையன்களுக்காகக் கேட்பதைக் கேளுங்கள். கேட்டுக்கேட்டு அவருக்குப் பக்கத்திலேயே நில்லுங்கள்.

அளவெடுக்கும் நாள்

ஒவ்வொரு பிள்ளையின் பிறந்தநாளுக்கு முந்தின இரவு, கதவு நிலையில் உயரத்தைப் பென்சிலால் குறிக்கும்போது, ஒரு நோட்டில் இந்த நாலு கேள்விக்கும் பதில் எழுதுங்கள்:

1. இந்த வருடம் அவன் தானாக ஜெபித்தது எப்போது?
2. எதற்குப் பயப்படுகிறான்? அந்தப் பயத்தில் என் பங்கு உண்டா?
3. எந்தக் கேள்விக்கு நான் சரியாகக் காது கொடுக்கவில்லை?
4. அவன் கையிலேயே விட வேண்டிய வேலை எது? இனி நான் வாசிக்காமல் அவன் வாசிக்கலாமா? நான் தொடங்காமல் அவன் தொடங்கலாமா?

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்னாளின் மகன் சாமுவேல் நல்ல தீர்க்கதரிசி. ஆனால் அவர் பிள்ளைகள் அவர் வழியில் நடக்கவில்லை என்று 1 சாமுவேல் 8ஆம் அதிகாரம் எழுதி வைத்திருக்கிறது. இந்த அத்தியாயத்தில் உள்ளதெல்லாம் செய்தாலும் பிள்ளை வேறு வழியில் போகலாம். பிள்ளை நல்ல வழியில் போனாலும் அது நம் கெட்டிக்காரத்தனம் ஆகாது. தைப்பதுதான் நம் வேலை. உடுத்துவது அவன். வளரச் செய்கிறவர் ஆண்டவர்.

போன ஜூன் மாதம், பள்ளி திறப்பதற்கு முந்தின இரவு, பெரியவனின் பேன்ட் மடிப்பைப் பிரித்தேன். தையல் இருந்த இடத்தில் ஒரு கோடு. மேலே துணி வெளுத்திருந்தது. உள்ளே மடிந்திருந்த இரண்டு இஞ்சும் வாங்கின அன்றிருந்த நிறத்திலேயே இருந்தது. அவன் போட்டுப் பார்த்து, "சரியா இருக்கும்மா" என்றான். குனிந்து கீழே தொட்டுப் பார்த்தேன். உள்ளே விட இன்னும் அரை இஞ்சு துணி இருந்தது. அதை மடித்து ஊசியைக் கோத்தேன்.